மில்லிபார்ன்

உப்சாலா. கோட்டைக் குன்றின் அடிவயிற்றில்
கான்கிரீட் போர்த்திய கூடம்.
பிப்ரவரி இரவு, இரண்டு மணி பத்து.
எண்ணி முடித்த புரோட்டான்கள் நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
சொச்சம் என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது,
எஸ்ட்ரிட் பார்த்தால் கோபிப்பாள்.

அவள் இன்று வரவில்லை.
மகள் தூவாவுக்குக் காதுவலி, காய்ச்சல்.
இந்த மாதம் ஊரில் பாதிப் பேர்
பிள்ளைக்காக விடுப்பு.

என்னதான் செய்கிறீர்கள் என்று மைத்துனன் குட்மண்ட் கேட்டான்,
மர அறுப்பு ஆலைக்காரன், அளவு தெரிந்தவன்.
சொன்னேன்:
இருட்டறையில் ஒரு பொருள், அதன் அகலம் வேண்டும்.
தொட முடியாது. விளக்குப் போட முடியாது.
கல் எறிந்து, தெறித்து வருவதை எண்ணு.
"எத்தனை எறிந்தாய் என்று தெரிந்தால் போதுமே?"
அங்கேதான் இடிக்கிறது, குட்மண்ட்.
நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை,
கருவியைக் கடந்து போனாலும் காலடி கேட்காது.
எத்தனை எறிந்தோம் என்பதே
எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

மெதுவாகப் போகிறவற்றுக்கு ஒரு கணக்கு உண்டு,
ஒரு பக்கத்தில் முடியும்.
மிக வேகமானவற்றுக்கு வேறொன்று.
எங்களுடையது நடுவே,
தொண்ணூற்றாறு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்.
என் நாற்பத்தேழு வயதைப் போல ஓர் ஆற்றல்:
எந்த விதியும் முழுதாகப் பொருந்தாது,
எல்லா விதியும் கொஞ்சம் கடிக்கும்.

பிளாஸ்டிக் தகட்டில் ஹைட்ரஜனும் உண்டு, கார்பனும் உண்டு.
தகட்டை அளந்து, வெறும் கார்பனை அளந்து, கழிக்க வேண்டும்.
தண்ணீர் விட்ட பாலில் தண்ணீரைக் கழிக்கிற வேலை.
எதைக் கழித்தாலும்
பிழை மட்டும் கூடுகிறது.

கற்றையின் நேர்வழியில், பூச்சியக் கோணத்தில்,
வெளியே வருவது நியூட்ரான் அல்ல.
நின்றிருந்த புரோட்டான் ஓடுகிறது,
ஓடிவந்தது நின்றுவிடுகிறது.
அல்லது பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்களோ?
எஸ்ட்ரிட்டின் சமன்பாட்டில் இருவருக்கும் இடையே
ஒரு பையான் கைமாறுகிறது, கணக்கில் வராத பணம் போல.

தொலைபேசி.
"உன் எண்?"
"பன்னிரண்டு மில்லிபார்ன். உன்னுடையது?"
"பதினொன்று. நாலு தடவை போட்டுவிட்டேன், அசையவில்லை."
"கருவியும் அசையவில்லை."
பின்னால் பிள்ளையின் அழுகை.

அந்த அலகுக்குப் பெயர் வைத்த அமெரிக்கர்கள்
வைக்கோல் கொட்டிலை நினைத்தார்கள்.
எங்கள் மொழியில் பார்ன் என்றால் குழந்தை.
குழந்தையில் ஆயிரத்தில் ஒரு பங்கு,
அது பன்னிரண்டா பதினொன்றா என்று
நடுநிசியில் இரண்டு பேர் வாதாடுகிறோம்.

"காய்ச்சல் எவ்வளவு?"
"முப்பத்தெட்டரை. கூட்டல் கழித்தல் பூச்சியம் புள்ளி இரண்டு.
இந்த வெப்பமானியை நான் நம்புவதில்லை."
சிரித்தாளா, தெரியவில்லை.
"தகட்டின் தடிமனைத் திரும்ப அளந்தாயா?"

இல்லை. அக்டோபரில் அளந்ததுதான்.

நாலு மணிக்குக் கற்றையை நிறுத்தச் சொல்லி,
கதவின் சிவப்பு விளக்கு அணையும்வரை நின்று,
உள்ளே போய்த் தகட்டைக் கழற்றினேன்.
மைக்ரோமீட்டரின் தாடைக்குள் ஒன்பது இடம் வைத்துப் பார்த்தேன்.
ஒரு மேடாவது, பள்ளமாவது இருக்கக் கூடாதா?
ஒன்பதிலும் பழைய எண்ணே.

குறிப்பேட்டில் எழுதினேன்:
தகடு சரி. வேறுபாடு நிற்கிறது.
தூவா 38.5 ± 0.2.

ஏழு மணிக்கு வரும் ஓலாவுஸ்
இது எந்த ஓட்டம், என்ன அலகு என்று கேட்பான்.
கேட்கட்டும்.