இதுவா, அதுவா

வாரத்தில் ஆறு நாள்
செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடிக் கடையில்
பிறர் மூக்கின்மேல் சோதனைச் சட்டம் ஏற்றி
வில்லையை மாற்றி மாற்றிக் கேட்பது என் வேலை:
"இது தெளிவா? இல்ல, இதுவா?"

ஞாயிறு விடியுமுன்
கோரிமேடு தாண்டி வண்டி மலையேறும்.
முன்னால் ஜபருல்லா,
உருக்காலை இரவுப்பணி கண்ணில் சிவந்திருக்க.
அவன் பையில் இருப்பது
குருவிக்குக் கண் எங்கே என்று தானே கண்டுபிடித்து
அதன்மேல் பச்சைக் கட்டம் போடுகிற கேமரா.

என்னுடையது
அம்மாப்பேட்டைக் கல்யாண வீடியோக்காரர்
மோட்டார் செத்துப்போச்சென்று
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட லென்ஸ்.
கையால் திருகினால்தான் பார்க்கும்.
கொள்கை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
மோட்டார் மாற்ற என் இரண்டு மாதச் சம்பளம் கேட்டார்கள்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம்.
சில்வர் ஓக் இடைவெளியில்
வெள்ளை நாடா வாலோடு ஈப்பிடிப்பான்.
அவன் கேமரா முதலில்
குறுக்கே தொங்கிய மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
கிர்ர்… கிர்ர்… முன்னும் பின்னும் தேடியது.
நான் சிரித்தேன்.
சிரித்து முடிப்பதற்குள் பச்சைக் கட்டம் குருவிமேல் ஒட்டிவிட,
நொடிக்கு இருபது என்று அள்ளிவிட்டான்.

எனக்கு விரல் இரண்டு, வளையம் ஒன்று.
கடையில் கற்றது இதுதான்:
தெளிவைத் தாண்டிக் கொஞ்சம் போய்த்
திரும்பினால்தான்
தெளிவு இருந்த இடம் தெரியும்.
பறக்கிற உயிர் அதற்கு நேரம் தருவதில்லை.
நான் தாண்டிப் போனபோது அது கிளையில் இருந்தது,
திரும்பி வந்தபோது
கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது,
மிகத் தெளிவாக.

முப்பத்தெட்டுப் படம்.
பட்டையின் வெடிப்பு, காப்பிப் பூ, ஒரு சிலந்தி நூல்
எல்லாம் ஊசிமுனை.
குருவி மட்டும் யாரோ துடைத்துவிட்டதுபோல.

இறங்கும்போது பதின்மூன்றாம் வளைவில் பனி.
வண்டியை நிறுத்தி அணைத்துவிட்டான், ஒன்றும் சொல்லாமல்.
சாலை நடுவில் காட்டுமாடு.
பால் கொட்டிய மாதிரி வெளியில் ஒரு கருப்பு,
நான்கு கால்களுக்கும் வெள்ளைக் காலுறை.
அவன் கேமரா பச்சைக் கட்டத்தை
இங்கே வைத்தது, அங்கே வைத்தது,
கடைசியில் எங்கேயும் வைக்கவில்லை.

நான் கண்ணில்கூட வைக்கவில்லை லென்ஸை.
பன்னிரண்டு மீட்டர் என்று மனசு சொன்னது,
வளையத்தில் எண் பார்த்துத் திருகி,
அது ஓரடி எடுத்துவைக்க
நானும் ஒரு மயிரிழை திருப்பி
அழுத்தினேன்.

பார்த்தால்
மூக்குத் தண்டின் ஈரம் மின்னுகிறது.
ஒட்டிய புல்லை எண்ணலாம்.
கண்ணில் பனி.
ஒரு சாண் பிழை.

"கண்ணு வந்திருந்தா…" என்றான் ஜபருல்லா.
"வரலதான்" என்றேன்.
அதற்குப் பிறகு அடிவாரம் வரை
அவன் இருநூறு குருவிகளைப் பற்றிப் பேசவே இல்லை,
அது எனக்கு ஏன் பிடித்திருந்தது என்று
இதுவரை யோசிக்கவில்லை.

திங்கள்.
கொலுசுக்குப் பற்றவைக்கிற ஒருவர்,
விரல் நுனி முழுக்கத் தீக்காயம்.
மைனஸ் ஒன்று போட்டேன், ஒன்றேகால் போட்டேன்.
"இது தெளிவா? இல்ல, இதுவா?"
சுவரில் எழுத்தைப் பார்த்தவர்
வெகுநேரம் பார்த்தார்.
"ரெண்டும் ஒண்ணாட்டந்தான் இருக்குது.
மொதல்ல வெச்சத
இன்னொருக்கா வையும்மா."