இருப்பு

பாலக்கோட்டில் மோட்டார் ரிவைண்டிங் கடைக்கு மாடியில்
என் லேப்.
கீழே அவர்கள் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள்,
மேலே நான் ரத்தம் சுற்றுகிறேன்.

பதினெட்டுப் படிக்கு மூன்று முறை நின்றாள் மாதேஸ்வரி.
முப்பத்தெட்டு வயது. ரேஷன் கடை விற்பனையாளர்.
"மூட்டை இழுக்கிறவளுக்கு மாடி ஏற முடியலேன்னா
யாரு சார் நம்புவாங்க?"

ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி.
ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி எட்டு.
இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இதை
நாங்கள் குறைவு என்றே சொல்வதில்லை.
போன மாதம் வேறொரு லேபிலும் இதே எண்.
"ரத்தம் பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டார்களாம்.

பரவாயில்லாத ரத்தத்தோடு
என் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.
முந்தானை முடிச்சில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.
மாவு என்று நினைத்தேன்.

"மஞ்சள் மூடியில் இன்னொரு குழாய் எடுக்கலாம்.
ஃபெரிட்டின். அறுநூறு ரூபாய்."
"அது என்னத்தப் பார்க்கும்?"
படித்தது எதுவும் நாக்கில் வரவில்லை.
"இப்போ பார்த்தது தராசுல இருக்கிறது.
அது, குடோன்ல இருக்கிறது."
"அப்படிச் சொல்லுங்க. இருப்பு" என்று
கையை நீட்டினாள்.

நாற்பத்தொன்று வந்தது. நார்மல்.
குறையில்லை என்றதும் வாடிப்போன முகத்தை
அன்றுதான் பார்த்தேன்.
சமீபத்தில் காய்ச்சல் உண்டா என்றேன்.
போன வாரம் வரைக்கும், இன்னும் முட்டி விடவில்லை என்றாள்.
காய்ச்சலில் இந்த எண் ஏறும், உள்ளதைச் சொல்லாது,
ஒரு மாதம் கழித்து வா என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்:
"ஆய்வுக்கு ஆபீசர் வர்றாருன்னா நாங்களும்
பக்கத்துக் கடை மூட்டைய இரவல் வாங்கித்தான் அடுக்குவோம்.
வெளிய சொல்லிடாதீங்க."

ஐந்து வாரம் கழித்து
நான்கு.

தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
'பத்து முதல் நூற்றிருபது வரை' என்று அச்சாகியிருக்கும்.
யார் யார் ரத்தத்தை வைத்து அந்தப் பத்தைப் போட்டார்களோ,
அவர்களும் படியில் நின்று நின்று ஏறினார்களா என்று
யாராவது கேட்டிருப்பார்களா?

அவள் அதற்குள் கணக்கில் இறங்கியிருந்தாள்.
வரவு: கேழ்வரகுக் களி, கீரை, கடை அரிசி.
அந்த அரிசியில் நூற்றுக்கு ஒரு மணி இரும்பு சேர்த்தது.
பிளாஸ்டிக் அரிசி என்று சண்டைக்கு வருகிறவர்களிடம்
நாள் முழுக்க வாதாடுகிறவள்
குரலைத் தாழ்த்தினாள்:
"வீட்டுல நானும் பொறுக்கித்தான் போடுறேன் சார்."
செலவு: மாதம் எட்டு நாள்.
இருபத்தைந்து வருஷமாக எந்த லெட்ஜரிலும் ஏறாதது.

"மண்ணு, பச்சரிசி, ஐஸ்…
எதையாவது தின்னணும்னு தோணுமா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கீழே ஒரு மோட்டார் ஓடிப் பார்த்து நின்றது.
முடிச்சை அவிழ்த்தாள்.
விரல்நுனி அளவு சாக்பீஸ்.
"பலகையில எழுதக் குடுக்கிறது.
எழுதுறது பாதிதான்."

உறையின் மேல் நான் தட்டச்சு செய்ததில்
'இரும்புச்சத்து' 'இருப்புச்சத்து' ஆகியிருந்தது.
வேறு உறை தருகிறேன் என்றேன்.
"சரியாத்தான் இருக்கு, விடுங்க" என்று
டாக்டரிடம் எடுத்துப் போனாள்.

மறுபரிசோதனைக்கு இன்னும் வரவில்லை.

தக்காளி வண்டிகள் நெரிக்கிற ஒரு காலையில்
பஞ்சப்பள்ளி ரோட்டில் ஒரு வீட்டுக்கு
ரத்தம் எடுக்கப் போகும் வழியில்
அவள் கடை எதிரே பைக்கை நிறுத்தினேன்.
ரேகை விழவில்லை என்று ஓர் ஆளிடம் இரைந்துகொண்டிருந்தாள்,
மூச்சு வாங்காமல்.
என்னைக் கவனிக்கவில்லை.

இருப்புப் பலகையில்
அரிசி இரண்டாயிரத்து நூற்று நாற்பது,
சர்க்கரை தொண்ணூற்றாறு,
துவரம்பருப்பு இல்லை.
பலகையின் கீழ்ச்சட்டத்தில் நீளமாக ஒரு சாக்பீஸ்.
ஒரு முனை மட்டும்
தேய்ந்திருந்தது.