மூன்றாவது கட்டம்

குளவிக்குப் பெயர் வைப்பதில்லை.
முதுகில் இரண்டு பொட்டு,
நீலம் மேலே, மஞ்சள் கீழே.
ஏழு மணிக்குள் வைத்துவிட வேண்டும்,
சிறகு விறைத்திருக்கும்போதே.
பெங்களூருக் குளிர் இதற்காவது உதவுகிறது.

சைக்கிள் நிறுத்தும் தகரக் கூரைக்கடியில்
உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதக் கூடு.
அதிலிருந்து இரண்டை எடுத்தோம், பன்னிரண்டு நாளைக்கு.
தனித்தனி டப்பா. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர்.
நீலமஞ்சளுக்கு மட்டும்
அதன் கூட்டிலிருந்து கிள்ளிய ஒரு துணுக்கு,
நகத்தளவு.
சிவப்புவெள்ளைக்கு அதுவும் இல்லை.

மேலில் படிந்த மெழுகுதான் எல்லாம்
என்கிறார் சுமேதா மேடம்.
கூட்டிலேயே புழங்கிப் புழங்கி ஏறுகிற வாசம்.
நம் மூக்குக்கு எட்டாது.
என் மூக்குக்கு எட்டுவது கரைப்பான் நெடி ஒன்றுதான்,
அது இலவச டிக்கெட்டில் என்கூடவே ஏறி
ஸ்ரீராமபுரம் வரை வருகிறது.

வீட்டில் எட்டு மாதத்துப் பிள்ளை.
கை நீட்டினால்
அத்தை தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான்.
"யார் வந்திருக்கா பாரு" என்கிறாள் மரகதம்.
சிரிப்புக்குத்தான் சொல்கிறாள்.
குளித்து
எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய நைட்டியை மாட்டினால்
அதே கை என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்கிறது.
நைட்டிக்குப் பிறந்த பயல்.

ஒருநாள் அதைத் துவைக்காமல்
தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
இந்தச் சோதனைக்குத் தாள் கிடையாது.

பதிமூன்றாம் நாள் மாலை திருப்பி விட்டோம்.
நீலமஞ்சளை உணர்கொம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக்
கடைக்குப் போய் வந்தவளைப்போல் உள்ளே விட்டன.
சிவப்புவெள்ளையிடம் நாலு பேர் வந்தார்கள்.
தலை, கழுத்து, சிறகின் கணு.
ஒன்று கடிக்க வாயைத் திறந்தது.
திறந்தபடியே இருந்தது.
தூரத்தில் ஒரு மெட்ரோ வந்து, நின்று, போனது.
கடிக்கவில்லை.
வழியும் விடவில்லை.
சிவப்புவெள்ளை தலையைத் தாழ்த்தி நின்றது,
மெதுவாக ஞாபகம் வரட்டும் என்பதுபோல.

தாளில் இரண்டே கட்டம்.
ஏற்றது. விரட்டியது.
ஐந்து நிமிடம் என்பது விதி, ஏழாகிவிட்டது.
பேனாவை மூடி மூடித் திறந்தேன்.
பிறகு ஓரத்தில் பென்சிலால் இன்னொரு கட்டம் வரைந்தேன்,
கோணலாக வந்தது.
தலைப்பு எழுதவில்லை.
மேடம் கேட்டால் அழித்துக்கொள்ளலாம்.

குளவி இன்னும் விளிம்பில்தான் நிற்கிறது.
ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது.
இன்றைக்குக்
குளிக்காமலே கை நீட்டிப் பார்க்க வேண்டும்.