மூடி இல்லாத பக்கம்

லீவரை விட்டால் சத்தம் இல்லை.
லீவரைப் பிடித்தால்
தகரக் குவளைக்குள் புளியங்கொட்டை.

இதை முதல் நாளே கவனித்திருந்தால்
இரண்டு வாரச் சண்டை மிச்சம்.

ஐம்பத்தாறாம் வருஷத்து டிரையம்ப்.
பாதி என்னுடையது, பாதி கெங் ஹோக்குடையது.
ஒரு வாரம் எனக்கு, மறுவாரம் அவனுக்கு.
ரோடு டேக்ஸ் யார் முறை என்பது மட்டும்
ஒவ்வோர் ஆண்டும் இருவருக்கும் மறந்துபோகும்.

பிரைமரி செயினைக் கழற்றிவிட்டு
பெல்ட் போடலாம் என்றது அவன்.
எண்ணெய் ஒழுகாது, மூடி வேண்டாம்,
சுற்றுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றான்.
கிளட்ச் தட்டுகளை அடுக்கியது நான்.
ஆக, இடது பக்கம் சத்தம் வந்தால்
இருவரில் ஒருவன் குற்றவாளி.

நான் சொன்னேன்:
பெல்ட்டை இறுக்கிவிட்டாய், பேரிங் அழுகிறது.
கோலக்கெட்டில் கோப்பிக்கடையில்
லோரிக்காரர்கள் நாலு பேர் காதுபடச் சொன்னேன்.
அவன் சொன்னான்:
"பளசு. டிரை கிளட்ச். கொஞ்சம் பேசும்."
அவன் வாயில் ழகரம் வராது.
என் வாயிலும் வராது, அது வேறு கதை.
"கொஞ்சமா? ஆலை பாய்லர் மாதிரி கத்துது."
கோப்பி-ஓ ஆறியது.
காசைத் தனித்தனியாகக் கொடுத்தோம்,
இருபது வருஷத்தில் முதல் தடவை.

இன்று விடாத மழை. குலை வெட்டு இல்லை,
எடைமேடைக்கு ஒரு லோரியும் வரவில்லை.
மதியமே அனுப்பிவிட்டார்கள்.
தகரக் கூரையடியில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி
முதல் வேலையாக அவன் பெல்ட்டை அமுக்கினேன்.
கட்டைவிரலுக்கு அரை அங்குலம் இறங்கியது.
பெட்டியில் வந்த தாள் கேட்பதும் அதேதான்.
ஓரம் உரசிய கறுப்புத் தூள் எங்கும் இல்லை.
கூடையைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை.
புஷ் ராடில் மயிரிழை இடைவெளி, சரியாக.

வெட்கமாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.
ஏமாற்றமாக இருந்தது.

லீவரைப் பழைய டியூப் ரப்பரால் கட்டிவிட்டு
இந்தப் பக்கம் குந்தி,
அந்தப் பக்கம் எட்டி
கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கினேன்.
பிரஷர் பிளேட் சுழன்றது,
பந்தியில் ஒற்றைக் கையில் சாம்பார் வாளியோடு
ஓடுகிறவனைப்போல
ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து.

நாலு ஸ்பிரிங், நாலு நட்டு.
மூன்று ஒரே மட்டம்.
நாலாவது ஒன்றரைச் சுற்று வெளியே.
பிடிக்கும்போதெல்லாம் அந்த ஓரம் முந்திக்கொண்டு விலக,
எதிர் ஓரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க,
நடுவில் தட்டுகளுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

அதை முடுக்கப் போகும்போதுதான்
சந்தியில் செம்பனை லோரி கவிழ்ந்துவிட்டதென்று
யாரோ கத்தினார்கள்.
பார்க்க ஓடினேன்.
ஓடியது நினைவிருக்கிறது.
தார்ச்சாலையில் உருண்ட குலைகள் நினைவிருக்கின்றன.
திரும்பி வந்து முடுக்கியது
நினைவில் இல்லை.

ஒன்றரைச் சுற்று. அவ்வளவுதான்.
உதைத்தேன். லீவரைப் பிடித்தேன்.
மழை கேட்டது.

நாளை அவன் வாரம்.
பெல்ட்டைத் தளர்த்தினேன், சரியாகிவிட்டது என்றால்
நம்பிவிடுவான்.
மன்னிப்பும் கேட்பான், அதுதான் தொல்லை.
மூன்று நட்டுத் தலையில் தூசி.
ஒன்றில் மட்டும் புதுக் கீறல், பளீரென்று.
ஒரு மூடி இருந்திருக்கலாம்.

காலையில் வந்தான். உதைத்தான்.
லீவரைப் பிடித்தான், விட்டான், பிடித்தான்.
பிறகு அணைத்துவிட்டு
இடது பக்கம் குந்தினான்.

"நாலாவது" என்றேன், அவன் கேட்குமுன்.
"நான்தான்."

அவன் சிரிக்கவில்லை.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல
பெல்ட்டை ஒரு விரலால் தொட்டான்.
"கோப்பிக்கடையில சொல்லணும்."
"யார்கிட்ட?"
"அந்த லோரிக்காரன்ங்ககிட்ட.
நாலு பேரும் இருக்கும்போது."