பச்சை மனிதனைக் காணவில்லை

ஜுபைல். சாரக்கம்பிக் கிடங்கு.
விடிகாலை நாலே முக்கால்.
கணினியைத் தட்டி எழுப்பினேன்.
படம் இருந்த இடமெல்லாம்
மூலை மடிந்த வெள்ளைத் தாள்.
பதினேழு தாள், அச்சு அசலாய் ஒன்றேபோல்.

நேற்றிரவு அப்டேட் ஓடும்போது
ஜெனரேட்டரை மாற்றினார்களாம்.
எண்பத்தோரு சதவீதத்தில் இருட்டு.
விண்டோஸுக்குக் காசு கட்ட மனமில்லாமல்
கம்பெனி போட்டுவிட்டுப் போன லினக்ஸ்.
இதுவரை ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

எனக்கு ஒன்றுமில்லை.
கீழே எழுத்து இருக்கிறது, படிப்பேன்.
எழுத்தும் போனால்
இடமிருந்து நாலாவது கிளாம்ப் கணக்கு என்று
விரலுக்குத் தெரியும்.

வாசலில் ஹரிலால் நிற்கிறான்.
பின்னால் நாற்பத்திரண்டு பேர்,
கையில் டிபன் கேரியர், கழுத்தில் ஈரத்துண்டு.
அவர்கள் வருகையைப் பதிய
தினமும் அவன் அமுக்குவது
ஓடுகிற பச்சை மனிதனை.
எந்த மொழியிலும் அவன் எழுத்துக்கூட்டியதில்லை.
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ஆத்மி கிதர் கயா, பாய்?"
ஆள் எங்கே போனான்?

ஐந்தேகாலுக்கு பஸ்.

எல்லாரும் முதலில் செய்வதைச் செய்தேன்:
அணைத்துப் போட்டேன்.
பிறகு கேஷைத் துடைத்து
மறுபடி கட்டச் சொன்னேன்.
கட்டிவிட்டேன் என்றது. பொய்யில்லை.
பதினேழு வெள்ளைத் தாளையும்
ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

"தீமை நீக்கிப் பாருடா, எல்லாம் சரியாகும்"
என்றான் போனில், அல்கோபரிலிருந்து சகுபர்.
தீம் என்பதைத்தான் சொன்னான்.
அந்த நேரத்துக்கு அது
ஏதோ ஓதியதுபோல் கேட்டது.
நீக்கினேன். வேறு வைத்தேன்.
வேறு நிறத்தில் அதே தாள்.

டெர்மினலைத் திறந்து
படங்கள் குடியிருக்கும் இடத்துக்கே போனேன்.
இருக்கிறார்கள்!
எல்லாரும் இருக்கிறார்கள்,
பச்சை மனிதன் உட்பட,
நாற்பத்தெட்டுப் புள்ளிக்கு நாற்பத்தெட்டு.
உரிமையாளர் என்ற இடத்தில்: ரூட்.
மற்றவர்க்கு என்ற இடத்தில்
மூன்று சின்னக் கோடுகள்.
படிக்க மாஃபி. எழுத மாஃபி. இயக்க மாஃபி.
எங்கள் பாஸ்போர்ட்டுகள்கூட இப்படித்தான்,
எந்த அலமாரி, எந்தத் தட்டு
எல்லாம் தெரியும்.

ரூட்டின் பாஸ்வேர்டு அறிந்த ஒரே ஜீவன்
கஜேந்தன், லீவில், வவுனியாவில்.
அங்கே இப்போது ஏழரை மணி.
அடிக்கிறது. எடுக்கவில்லை.

பஸ் வந்து உறுமுகிறது.
அப்போதுதான் ஞாபகம் வந்தது
இந்த இயந்திரத்தின் ஒரு வழக்கம்:
படம் தேடிப் புறப்பட்டால்
ரூட்டின் கிடங்குக்குப் போகும் முன்
பயனரின் வீட்டில் ஒருதரம் எட்டிப் பார்க்கும்.
வீடு என்பதற்கு அது போடும் குறி
படுத்துக் கிடக்கிற ஒரு சின்ன அலை.
என் அலைக்குள் அதுவரை இருந்தது
மூன்று சம்பளச் சீட்டும்
அறைக்காரன் குறட்டையின் ஒலிப்பதிவும்.

"ஹரிலால், ஹெல்மெட்டைக் கழற்று."

கழற்றினான், எதற்கென்று கேட்காமல்.
மஞ்சள் ஹெல்மெட், நெற்றியில் வெள்ளை டேப்.
போனில் எடுத்து, சதுரமாய் வெட்டி,
பச்சை மனிதனின் பெயரையே வைத்து
அலைக்குள் போட்டேன்.
கையுறை, தண்ணீர் டிரம், துருப்பிடித்த கிளாம்ப்,
கேட் பாஸுக்கு கேட்டையே,
லீவு விண்ணப்பத்துக்கு என் பெட்டியை.
ஆறு முடிந்தது. மணி ஐந்து பன்னிரண்டு.
கேஷ், இன்னொரு முறை.

வெள்ளைத் தாள்களுக்கு நடுவே
கோணலாய், வெளிச்சம் போதாமல்
ஒரு ஹெல்மெட் முளைத்தது.
ஹரிலால் அதையே உற்றுப் பார்த்தான்.
தலையைத் தடவிக்கொண்டான்.
அமுக்கினான்.
நாற்பத்து மூன்று பெயர்கள் இறங்கி வந்தன.

மதியம் கஜேந்தன் கூப்பிட்டான், மன்னிப்போடு.
ஒரே வரி. பதினோரு தாள்களுக்கும்
முகம் திரும்பிவிட்டது, கம்பெனி முகம்.
ஆறு மட்டும் மாறவில்லை.
நான் போட்டதை நான் அழித்தால்
பச்சை மனிதன் ஓடி வந்துவிடுவான்.
மவுஸை அங்கே கொண்டுபோய்
டீ ஆறும்வரை வைத்திருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி
நேரே என்னிடம் வந்தான் ஹரிலால்,
உடம்பெல்லாம் உப்பு.
ஹெல்மெட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுக்
கவலையாய்க் கேட்டான்:
மத்தியானம் டேப் பிய்ந்துவிட்டது,
கறுப்பு டேப்தான் கிடைத்தது,
நாளைக்குக் கம்ப்யூட்டருக்கு
என்னை அடையாளம் தெரியுமா?