கழிவு

இருபத்து மூன்றாம் நாள்.
திங்கள் தொட்டு வெயில் இல்லை.
அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்
பதினேழு துணிகள்
காயாமல் புகை குடிக்கின்றன.
பிள்ளையிடம் பால் மணக்கும் என்பார்கள்.
இவளிடம் சவுக்கு விறகு மணக்கிறது.

கக்கூசுக்குப் பதினொரு கல்படி.
இறங்கும்போது எண்ணுவதில்லை.
ஏறும்போது ஒவ்வொரு படியும்
தையலைத் தொட்டுப் பேசுகிறது.
டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்,
இன்னும் நிற்கவில்லை.
சிவப்பு, பிறகு மண்நிறம்,
நேற்று மறுபடி சிவப்பு.
"பச்ச ஒடம்பு, குளிர் ஏறிடும்" என்று
பக்கத்துக் காம்பரா செபமேரி அக்கா
காதில் பஞ்சடைத்து அனுப்புகிறாள்.
பஞ்சுக்குள்ளும் கேட்கிறது
அவள் அழுவது.
சில நேரம் அவள் தூங்கும்போதும்.

ஆறு மணிக்கு பெக்டரிச் சங்கு ஊதினால்
பால் தானாக இறங்கிச் சட்டை நனைகிறது.
பெரட்டில் பெயர் கூப்பிடுமுன்னே
மார்பு ஆஜர் சொல்லிவிடுகிறது.
மேல்மலையில் என் நிரையை
வேறு யாரோ ஆய்கிறார்கள்.
எண்பத்து நாலு நாள் லீவு.
அதற்குப் பிறகு இவளுக்குப் பிள்ளைக் காம்பரா,
எனக்குக் கூடை,
நடுவில் பால் கொடுக்க ஓட
ஒரு செங்குத்துப் பாதை.

தவசீலன் கடை சாத்தி
பதினொரு மணிக்கு எடுப்பான் கொழும்பிலிருந்து.
ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல்.
"பாப்பாவக் காட்டு" என்பான்.
காட்டுவேன்.
உன்னைக் காட்டு என்று கேட்டதில்லை.
கேட்டாலும் இந்த பல்ப் வெளிச்சம் போதாது.

வியாழன் இரவு
இவளைப் பாயில் கிடத்திவிட்டு
பீலிக்குப் போனேன்.
தண்ணீர்ச் சத்தத்தில்
அழுகை காணாமல் போனது.
வாளி நிறையும்வரைதான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன்.
பாதம் மரத்தபிறகுதான் பார்த்தேன்,
வாளி கொண்டு வரவேயில்லை.

இன்று குசுமலதா மிஸ்ஸி வந்தாள்,
மழைக்கோட்டின் விளிம்பெல்லாம் சேறு,
கால்விரல் இடுக்கில் அட்டை கடித்த ரத்தம்.
உத்திரத்தில் தராசைக் கொளுவி
துணித் தொட்டிலில் இவளைத் தொங்கவிட்டாள்.
இப்படித் தொங்கும் தராசுக்கு எதிரே
பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறேன்.
ஈரத்துக்கு ஒரு கிலோ,
சாக்குக்கு ஒரு கிலோ
கழித்துத்தான் எழுதுவார்கள்.
முள் ஆடி நின்றது.
இரண்டு அறுநூறில் பிறந்தவள்
மூன்று நூறு.
"துணிக்குக் கழிச்சிடாதீங்க மிஸ்ஸி" —
வாயிலிருந்து விழுந்துவிட்டது.
அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.
பிறகு சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
தையல் சுண்டியது.

பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள்,
பத்துக் கேள்வி.
ஒவ்வொரு சொல்லாக மிதித்து
தமிழில் வாசித்தாள்:
"போன ஏழு நாள்ல சிரிக்க முடிஞ்சதா?"
"இப்ப" என்றேன்.
"காரணம் இல்லாம பயம் வந்ததா?"
காரணத்துக்கா பஞ்சம்,
எதை என்று சொல்ல.
மூன்றாவதோ நாலாவதோ கேள்வியில்
பேனாவை மூடி வைத்தாள்.
மழை தகரத்தில் இறங்கியது.
பீலியைச் சொன்னேன்.
மரத்த பாதத்தைச் சொன்னேன்.
வாளியைச் சொல்லும்போதுதான்
அழுகை வந்தது,
என்னவோ அந்த வாளிக்காக.

அவள் புத்தி எதுவும் சொல்லவில்லை.
தேத்தண்ணி கேட்டாள்.
நான் எழும்பப் போக
"நீங்க இல்ல" என்று
சுவருக்கு அந்தப் பக்கம் செபமேரி அக்காவைக் கூப்பிட்டாள்.
இருவரும் இஸ்தோப்பில் நின்று
பாதிச் சிங்களம் பாதித் தமிழில்
என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.
கோபம் வந்தது கொஞ்சம்.
அதற்குள் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள்.
பிள்ளை அக்காவின் மடியில்,
கை முஷ்டியைச் சப்பிக்கொண்டு.
திங்கட்கிழமை மிஸ்ஸி திரும்ப வருவாளாம்,
அதுவரை இரவில்
அக்கா பாய் இங்கேதானாம்.
எழுந்து கயிற்றைத் தடவிப் பார்த்தேன்.
பதினேழில் இரண்டு காய்ந்திருந்தன.
ஒன்று அவளுக்கு.
மற்றது எனக்கு.