ஒரு பெஞ்சுக்கு இரண்டு பாடம்

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டையில்
பள்ளிக்கூடம் திறந்திருந்தால்
அது அஞ்சல்வழித் தேர்வாகத்தான் இருக்கும்.
ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
காம்பஸ் முனையால் எவனோ
ராக்கெட் கீறிவைத்த பெஞ்சுகளில்
முழங்கால் இடிக்க இடிக்க
நாற்பது வயதுகள் வந்து உட்காருகின்றன.
எல்லாச் செருப்பிலும் செம்மண்.

இருக்கை வரைபடம் நான் போட்டது.
பார்த்து எழுதிவிடக் கூடாதென்று
உளவியலுக்குப் பக்கத்தில் வணிக மேலாண்மை,
அதற்குப் பின்னால் மருத்துவமனை நிர்வாகம்,
ஜன்னலோரம் நூலக அறிவியல், ஒன்றே ஒன்று.
அந்த ஒருத்திக்காகத்
தனி உறை, தனி அரக்கு, தனிக் கையெழுத்து.

நான் கணக்கு டீச்சர்.
இந்த வினாத்தாள்களில்
ஒரு வரிக்கும் எனக்கு விடை தெரியாது.
அதனால்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகத்தையும்
எதிரில் இருக்கிற முகத்தையும்
ஒத்துப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.
செவந்தியப்பன். உளவியல், முதலாண்டு.
இவர் கடையில்தான் போன ஆடியில்
என் வளையலை வைத்தேன்.
உரைகல்லில் தேய்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் தொகையைச் சொன்னவர்.
இன்றைக்கும் பார்க்கவில்லை.
ஹால் டிக்கெட்டை மட்டும் நீட்டுகிறார்.

ஜைனம்பு பீவி, எம்.பி.ஏ.
காரைக்குடி ஆஸ்பத்திரியில்
ராத்திரி டியூட்டி முடித்து நேராக பஸ் ஏறியிருக்கிறார்.
கையில் இன்னும் ஸ்பிரிட் வாசம்.
ஐந்தாவது கேள்வி,
‘சரக்கு இருப்பு தீரும் நிலையை விளக்குக.’
பேனா ஒரு நொடியும் நிற்கவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு
குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன வார்டு
அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கும்.
திருத்துகிறவர் கண்ணில் படுமோ என்னவோ.

பதினேழாம் எண் வரவில்லை.
சிவப்பு மையில் குறித்தேன்.

பதினொன்றேகாலுக்கு கரண்ட் போனது.
எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்து
ஃபேனைப் பார்த்தன.
அந்த ஒரு நிமிஷம்
எந்தத் துறையும் இல்லை, வியர்வைதான்.
எதிர்த்த வீட்டின்
சாத்திய ஜன்னல் ஒன்றின் மேல்
ஒரு காகம் மட்டும் அசைந்தது.

கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் முத்துக்கருப்பன்
விரலை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.
‘டீச்சர், ட்ரையாஜ்னா என்ன?’
சொல்லக் கூடாது என்றேன்.
தெரியாது என்பதைச் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார்.
பிறகு,
எண்ணூறு இலைக்கு ஆள் திரண்டு நிற்க
முதல் பந்தியில் யாரை உட்காரவைப்பது என்று
தெரிந்தவர்போல எழுத ஆரம்பித்தார்.
வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன்.
அவ்வளவு தப்பில்லை.

கூடுதல் தாள் கொடுக்கப் போனபோது
தலைகீழாகக் கண்ணில் பட்டது
செவந்தியப்பனின் விடை.
கேள்வி, கூச்சம் பற்றி.
அவர் எடுத்துக்கொண்ட உதாரணம்:
‘கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்.
அவளுக்கு ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும்.
அதுவரை நாம்
தராசைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.’

அன்றைக்கு நான் செருப்பைக் கழற்றினேனா?
ஞாபகமில்லை.
தராசைத் துடைத்தார். அது ஞாபகமிருக்கிறது.

ஒரு மணி. பேனாக்களை வைக்கச் சொன்னேன்.
மூன்று மணி நேரம்
தோள் உரசி உட்கார்ந்திருந்தவர்களை
பாடக் குறியீட்டின்படி பிரித்து அடுக்குகிறேன்.
தங்கம் உரசிய கை ஒரு கட்டு,
ஊசி போட்ட கை ஒரு கட்டு,
குழம்பு கிண்டிய கை ஒரு கட்டு.
ஜன்னலோரத்து உமையாளுக்கு
கட்டே இல்லை, ஒரே ஒரு தாள்.
அதற்கும் நூல் சுற்றினேன்.

கடைசியாக வந்த செவந்தியப்பன்
விடைத்தாளைத் தருமுன்
உள்ளங்கையில் ஒருதரம் ஏந்திப் பார்த்தார்.
பழக்கம்.
‘எவ்வளவு தேறும்?’ என்று கேட்டுவிட்டேன்.
முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.
‘கெடு இருபத்திரண்டாம் தேதி, டீச்சர்’
என்றார் மெதுவாக,
பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி.